மலையேறி வந்தவர்களோடு நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு

வாலிபர் சங்கத்திலிருந்து சில பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிடையே வேலை செய்ய முன்வந்திருக்கிறீர்கள். ஆயர் என்னிடம், அனுபவத்தில் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார். மண்டபம் முகாமிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்த மலைக்கு வந்து இறங்கிய காலத்தில் நானும் உங்களைப் போல ஒரு வாலிபன். அன்றிலிருந்து அவர்களோடு பழகியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். எண் போட்டிருப்பது தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. வீடு ஏறிப் போகும் முன் நடந்தது என்ன என்று படித்துக்கொண்டு போங்கள்.

இலங்கை 1948 பிப்ரவரி 4இல் சுதந்திரம் பெற்றது. அதே வருடம் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த ஏறக்குறைய ஏழு லட்சம் இந்திய வம்சாவளித் தமிழரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றது சட்டம். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தவர் யார்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இந்த மக்கள். 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அந்த வாக்கையும் பறித்தது.

அன்றைக்கு எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். அவர் கிறிஸ்தவர். தோட்டத் தமிழரும் அல்ல, வாக்குக்காக இவர்கள் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. இன்று அவர்களுக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கும் என்று எச்சரித்து, தன் கட்சியை விட்டு விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பிறகு 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்த மக்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த மக்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எந்த மேசையிலும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இலங்கை, தங்கைக்கு இந்தியா என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் தங்கி, அங்கிருந்து இந்தக் குளிருக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு 1968இல் தேயிலைத் திட்டம் ஆரம்பித்து, 1976இல் அதைத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக்கியது. நாம் டேன்டீ என்று சொல்வது அதைத்தான். தலைமை அலுவலகம் நம் குன்னூரில்தான் இருக்கிறது. சிம்ஸ் பார்க் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. நம் சபையில் பாதிப் பேருக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

1977, 1981, 1983 என்று அடியும் தீயும் வந்தது பின்னால். அதற்கு முன்பே சட்டமும் படிவமும் இந்த மக்களை வீழ்த்திவிட்டன. இதை மனதில் வைத்துக்கொண்டால் நாம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியும்.

2. காகிதத்தைத் தொடக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுக்குப் போய் நாலு தடவை தேநீர் குடித்த பிறகு, அந்த வீட்டுப் பாட்டி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்து மடியில் வைப்பார். மூடி துருப்பிடித்து இறுகியிருக்கும். கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் திறப்பார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் கண்டி இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, கடன் வாங்கியதற்கான தாள், செத்துப்போன கணவரின் புகைப்படம் எல்லாம் இருக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் கிழிந்து, அரிசிக் கஞ்சி தடவி ஒட்டியிருப்பார்கள். நீங்கள் இழுக்காதீர்கள். அவரே எடுத்துப் பிரித்துக் காட்டட்டும்.

அதில் பார்க்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் செல்லாயி, ரேஷன் கார்டில் செல்லம்மா, ஆதாரில் செல்லம்மாள் என்று இருந்தால் அலுவலகத்தில் மூன்றும் மூன்று பேர். இந்த ஒரு காரணத்தால் முதியோர் உதவித்தொகை நின்றுபோகும், பேத்தியின் சாதிச் சான்றிதழ் திரும்பி வரும். ஒரு நோட்டில் கோடு போட்டு, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர், எந்தப் பிறந்த தேதி, எந்த ஊர் என்று எழுதுங்கள். பாஸ்போர்ட்டிலோ குடும்ப அட்டையிலோ தமிழ்நாட்டுப் பூர்வீக ஊர் இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழுக்கு அதுதான் பிடி. பிறப்பைப் பதியாமல் ஒரு வருடத்துக்கு மேல் விட்டிருந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். மூலத்தை லேமினேட் செய்யாதீர்கள். பழைய தாள் சூட்டில் கறுத்துப்போகும், பின்பக்கத்து முத்திரையையும் சில அலுவலர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். நகல் எடுத்து, மூலத்தை அன்றைக்கே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு இரவு கூட உங்கள் வீட்டில் தங்கக் கூடாது. ஒரு நாட்டில் ஒரு காகிதம் இல்லாததால் எல்லாவற்றையும் இழந்தவர்கள், உள்ள காகிதத்தையும் உங்களிடம் விட்டுவிட்டு எப்படித் தூங்குவார்கள்?

3. எரேமியா 32ஆம் அதிகாரத்தைப் போவதற்கு முந்தின இரவு வாசியுங்கள்.

நம்பிக்கை பற்றி நிறைய பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைப் புரிய வைத்தது இந்த அதிகாரம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பட்டணம் விழப்போகிறது என்று சொன்னவரே அவர்தான். அந்த வேளையில் உறவினன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கூடாரம் அடித்திருக்கும் தேசத்தில் நிலம்! எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதுகிறார், முத்திரை போட்டதையும் திறந்திருப்பதையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

தீர்க்கதரிசி அழுதுகொண்டே இருக்கவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றவும் இல்லை. பத்திரத்தை ஒழுங்காகப் பதிந்து, கெடாத இடத்தில் வைத்தார். ஆட்சி மாறும், ஒரு நாள் இந்தத் தாளைக் கேட்பார்கள், அன்றைக்கு இது இருக்க வேண்டும் என்று நம்பினார். தாலுகா ஆபீஸ் படியில் மழையில் நிற்கும்போது, இதுவும் ஊழியமா என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த அதிகாரத்துக்குத் திரும்பிப் போங்கள்.

4. எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள்.

இந்த மக்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். கப்பலேறி வந்தபோது மாரியம்மனையும் மனதில் சுமந்து வந்தவர்கள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்தால், நீங்கள் எழுதிய மனுவுக்கு விலை போட்டுவிட்டீர்கள். அவர்களால் மறுக்க முடியாது என்பதாலேயே அது அநியாயம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் ஒரு கட்டுரை எழுதினார். அரசு செய்வது நியாயமா என்று திருச்சபை கேட்க வேண்டும், அரசின் கையில் அடிபட்டவர்கள் சபையைச் சேராதவர்களானாலும் அவர்களுக்கு உதவக் கடமைப்பட்டிருக்கிறது, அதுவும் போதாவிட்டால் அந்தச் சக்கரத்தையே நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1945 ஏப்ரல் 9இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த இரண்டாவது கடமையில், அடிபட்டவர்களுக்கு உதவுவதில், எந்தக் கேள்வியும் கேட்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் வீட்டில் விசேஷம் என்று கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அரிசிப் பையோடு போட்டோ எடுப்பதும் வேண்டாம்.

5. பழைய கதையைத் தோண்டாதீர்கள்.

கலவரத்தில் என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல வந்தால் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் நிறுத்தட்டும். கைபேசியில் பதிவு செய்யாதீர்கள்.

6. யார் எந்த வழியாக வந்தவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சபையில் எல்லோரையும் அகதி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இது அவர்களுக்கு நஷ்டம். ஒப்பந்தத்தின்படி பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். யாருடைய தயவிலும் அவர்கள் இங்கே இல்லை. 1984இல் போரால் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு உயிர் தப்பிப் படகில் வந்தவர்களின் நிலை வேறு. அவர்களிலும் இலங்கைத் தோட்டங்களின் மலையகத் தமிழர் உண்டு. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று ஓடி, அங்கிருந்தும் ஓடி வந்தவர்கள். இலங்கையிலேயே நின்றுவிட்டவர்களில் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு 2003இல் ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். இங்கே முகாமில் இருந்த அதே வம்சத்தாருக்கு அன்று அந்தச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது நல்ல காரியம். ஆனாலும் பெயர்ப் பலகை குடியுரிமை ஆகாது.

பிறந்த தேதி பெரிய விஷயம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் வரை பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடினம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி முகாமில் வாழும் ஒரு பெண், இந்த விதியை வைத்தே உயர் நீதிமன்றம் போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் முதல் முறையாக வாக்குப் போட்டார். நான் அந்தச் செய்தியைப் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இந்திய வம்சாவளியினர் என்று சொல்லி முகாம்வாசிகள் போட்ட இன்னொரு வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. இப்படிப்பட்டதெல்லாம் உங்கள் விரல் நுனியில் இருக்கட்டும். ஆனால் உங்களுக்குக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் சொல்ல வேண்டியதை வழக்கறிஞர் சொல்லட்டும்.

7. உரிமையைக் கேட்பது கிறிஸ்தவ சாந்தத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் பெரியவர்களிலேயே சிலர் சொல்வார்கள்: ஜெபித்துக் கொடுங்கள், அரசாங்கத்தோடு ஏன் வம்பு என்று. அப்போஸ்தலர் நடபடிகள் 22இல் பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டிய நேரத்தில் அவர் என்ன கேட்டார்? ரோமனாகிய என்னை விசாரணையில்லாமல் அடிக்க உங்களுக்கு நியாயம் உண்டா என்று கேட்டார். சேனாபதி பயந்துபோனான். சிலுவையைப் பற்றிப் பவுலுக்குத் தெரியாததா? தெரிந்தும் தன் குடியுரிமையைச் சொன்னார். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

8. ஒடுக்கியவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த மலையிலும் கணக்கு பாக்கி இருக்கிறது. டேன்டீயில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டி, ஓய்வு பெற்ற மறு மாதமே, வீட்டைக் காலி செய் என்று தாள் வருகிறது. லைன் வீட்டைத் தவிர அவர்களுக்குச் சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. கூடலூர்ப் பக்கம் வேலை கிடைக்காமல் நிலம் திருத்திக் குடியேறியவர்கள், 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டு, பட்டாவும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் ஒரு தலைமுறையைக் கழித்திருக்கிறார்கள். காட்டையும் பார்க்க வேண்டும், ஆதிவாசிகளின் உரிமையையும் பார்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசே கூட்டி வந்து இறக்கிய மக்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல நாக்கு வரக் கூடாது.

நம் சபைக்கும் இதில் பங்கு உண்டு. இந்த மலையின் பழைய ஆலயங்கள் பலவற்றில் சுவரில் பதித்த பளிங்குப் பலகைகளைப் பாருங்கள். தோட்டத் துரைகளின் பெயரும் ராணுவ அதிகாரிகளின் பெயரும் இருக்கும். கூலியாகப் போனவர்களின் பெயர் ஒன்றும் இருக்காது. துரைமாரோடு உட்கார்ந்து பாட்டுப் பாடிய சபையின் பிள்ளைகள் நாம். அதனால் லைன் வீட்டு வாசலில் உபகாரியைப் போல நிற்க நமக்கு உரிமை இல்லை.

9. சிங்களவர் என்றாலே பகைவர் என்று பேசும் கூட்டத்தில் வாயடைத்து உட்காராதீர்கள்.

இந்த மக்களுக்காக அங்கே நின்றவர்களின் பெயரைச் சொல்லுங்கள். லியோ நாணயக்கார கண்டி ஆயராக இருந்தவர். 1972இல் அந்தப் பெரிய ஆசனத்தை விட்டு, ஏழைத் தோட்டங்கள் நிறைந்த பதுளைக்குத் தானாகக் கேட்டுப் போனார். அதே வருடம் இயேசு சபைக் குரு பால் காஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழரின் குடியுரிமைக்காகவும் கூலிக்காகவும் கடைசி வரை எழுதினார், பேசினார். குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க 1983 ஜூலைக்குப் பிறகு உடல் நலமில்லாத நிலையில் ஊர் திரும்பி, சிங்களக் கிறிஸ்தவர்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் மக்கள் முன் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடம் அக்டோபரிலேயே இறந்துபோனார்.

தமிழ் ஆயர்களில் மன்னார் இராயப்பு ஜோசப் செய்ததை நீங்கள் பாடமாகவே படிக்க வேண்டும். போர் முடிந்தபின் 2011 ஜனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழு முன் போய், 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். அந்த எண்ணை அவர் எங்கிருந்து எடுத்தார்? 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரசு அலுவலகமே வைத்திருந்த கணக்கு 4,29,059. வெளியேறி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததாக எழுதப்பட்டது 2,82,380. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார், அவ்வளவுதான். குரல் உயர்த்தவில்லை, ஒரு வசைச் சொல் இல்லை. அரசின் தாளை அரசின் முன்னே வைத்தார். பதில் வராமலே 2021 ஏப்ரல் 1இல் கண் மூடினார். கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

10. அவர்கள் கூலியைக் கெடுக்காதீர்கள்.

வேலை நாளில் வா என்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. மாலை ஐந்துக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் போங்கள். அலுவலகத்துக்கு நேரில் வந்தே ஆக வேண்டிய நாளில் போகவர பஸ் கட்டணமும் சாப்பாடும் சங்கத்தின் செலவு. கையில் ரொக்கமாகக் கொடுப்பதைக் குறையுங்கள். சபைக் காணிக்கையில் வந்தது ஒரு ரூபாயானாலும் இரண்டு பேர் கையெழுத்தோடு கணக்கில் ஏறட்டும்.

11. கோப்பு அவர்கள் கையில் இருக்கட்டும்.

செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே வேலை செய்தவர்கள் அகதிகளேதான்: கணக்கு எழுதியவர்கள், பாடம் நடத்தியவர்கள், முகாம் முகாமாகப் போய் சுகாதாரம் பார்த்தவர்கள் எல்லாம் அவர்களே. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் போகும் ஒவ்வொரு லைனிலும் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். முதல் மனுவை நீங்கள் எழுதுங்கள், அவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். இரண்டாவதை அவர்கள் எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள். மூன்றாவதற்கு நீங்கள் தேவைப்படக் கூடாது. அலுவலர் உங்களைப் பார்த்துப் பேசினால், மனுதாரர் இவர்தான் ஐயா என்று சொல்லிக் கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

12. திரும்பத் திரும்பப் போங்கள்.

அடுத்த வாரம் வா என்பார்கள். போங்கள்.

13. இப்போதைக்குக் கையில் உள்ள வேலை.

கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னால் சாதிச் சான்றிதழ் கிடைத்தாக வேண்டிய ஒரு பெண் காட்டேரிப் பக்கம் இருக்கிறாள். இ-சேவை மையத்தில் பதிந்து ஒப்புகைச் சீட்டு வாங்கியாயிற்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் நிற்கிறது. அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் இருக்கிறது, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்ய வேண்டும். அப்பா சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வருவார். உங்களில் இரண்டு பேர் மத்தியானம் ஒன்றரை மணிக்குள் அவர்கள் லைனுக்குப் போய்விடுங்கள். சீட்டின் நகல் என் வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.